ஸ்பானிய நிபந்தனைக் காலம்: ஒழுங்கான வினைகளைத் திரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் மாலை நேரங்களில் ஒரு சிறு குழுவுக்கு ஸ்பானிய மொழி கற்பித்து வருகிறேன். சுற்றுலா வழிகாட்டிகள், ஹோட்டல் வரவேற்புப் பகுதியில் வேலை செய்பவர்கள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். நிபந்தனைக் காலத்துக்கு வந்து சேரும்போது எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்பதால், அவற்றையும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். கொழும்பில் நாம் ஸ்பானிய மொழியைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் நெருங்குகிறோம். இந்தக் காலத்தைப் பொறுத்தவரை அது சுற்றுப்பாதை. தமிழ் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் போனால் பாதித் தூரம் குறைந்துவிடும்.

ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நெடிலாக எழுதிய உயிரில், சொல்லின் கடைசி ஆகார ஓகாரங்களை விட்டுவிட்டால், பெரும்பாலும் அழுத்தம் விழுகிறது என்று கொள்ளுங்கள். சொல்லின் முதலில் வரும் பகரத்தை, ‘பஸ்’ என்று சொல்லும்போது ஒலிப்பதைப் போல ஒலிக்க வேண்டும்; பான், பொதேர், பொனேர், பொஸ்ப்ரெதேரிதோ என்பவற்றிலும் அவற்றின் திரிபுகளிலும் மட்டும் ‘படம்’ என்பதில் ஒலிப்பதைப் போல ஒலிக்க வேண்டும். மெய்யோடு மெய் சேர்ந்து நிற்கும் ‘ப்ர’, ‘ப்ல’ போன்றவற்றில் எது வல்லொலி, எது மெல்லொலி என்பதை அகராதியில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தகரத்தைத் தகரமாகவே ஒலிக்கலாம். ஆங்கில மூலம் படித்தவர்கள் அதை டகரமாக்கிக் கெடுப்பதுதான் வழக்கம்.

நிபந்தனைக் காலம் எதற்குப் பயன்படுகிறது?

நடக்காத, ஆனால் ஏதோ ஒன்று கூடிவந்தால் நடக்கக்கூடிய செயலைச் சொல்வதற்கு இது முதன்மையாகப் பயன்படுகிறது. ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்ற வாக்கியத்தில் வரும் ‘வாங்குவேன்’ என்பதை, பேசுபவரிடம் இப்போது பணம் இல்லை என்ற நிலையில், ஸ்பானிய மொழியில் ‘கொம்ப்ரரீயா’ என்பார்கள். பணிவாகக் கேட்பதற்கும், அறிவுரை சொல்வதற்கும், ஒருவர் முன்பு சொன்ன எதிர்காலச் செய்தியை எடுத்துச் சொல்வதற்கும், கடந்த காலத்தைப் பற்றி ஊகிப்பதற்கும் இதே வடிவம்தான். இவற்றை ஒவ்வொன்றாகப் பின்னால் பார்ப்போம்.

ஒழுங்கான வினையை எப்படித் திரிப்பது?

ஸ்பானிய வினைகள் அகராதியில் ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என்ற மூன்று முடிவுகளில் ஒன்றைக் கொண்டு நிற்கும். அப்லார் என்றால் கதைத்தல், கொமேர் என்றால் உண்ணுதல், பிபீர் என்றால் வாழ்தல். நிகழ்காலத்தில் இந்த முடிவைக் கழற்றிவிட்டு வேறு விகுதியை மாட்ட வேண்டும்; அதுவும் மூன்று இனத்துக்கும் வேறுவேறு விகுதிகள். நிபந்தனைக் காலத்தில் இந்த வேலை எதுவும் இல்லை. முழுச் சொல்லையும் அப்படியே வைத்துக்கொண்டு அதன் பின்னால் ‘ஈயா’ சேர்த்தால் போதும். மூன்று இனத்துக்கும் அதே ‘ஈயா’தான்.

கதைத்தல் என்ற வினையை எடுத்துக்கொண்டால், நான் என்பதற்கு யோ அப்லரீயா. நீ என்பதற்கு தூ அப்லரீயாஸ். அவன், அவள், மரியாதைக்குரிய நீங்கள் ஆகியவற்றுக்கு எல், எயா, உஸ்தேத் அப்லரீயா. நாங்கள் என்பதற்கு நொசோத்ரோஸ் அப்லரீயாமோஸ். ஸ்பெயினில் நெருக்கமானவர்கள் பலரை விளிக்கும் நீங்கள் என்பதற்கு பொசோத்ரோஸ் அப்லரீயாய்ஸ். அவர்கள் என்பதற்கு எயோஸ் அப்லரீயான். கொமேர் என்பது கொமெரீயா, கொமெரீயாஸ், கொமெரீயா, கொமெரீயாமோஸ், கொமெரீயாய்ஸ், கொமெரீயான் என்று வரும். பிபீர் என்பதற்கு பிபிரீயா என்று தொடங்கி மிச்சத்தை நீங்களே சொல்லிவிடலாம்.

சாதாரணதரத்தில் பகுபத உறுப்புகளைப் பிரித்து எழுதியவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. ‘கதைப்பேன்’ என்பதைக் கதை, ப், ப், ஏன் என்று பிரித்து, பகுதி, சந்தி, எதிர்கால இடைநிலை, தன்மை ஒருமை விகுதி என்று எழுதினோம் அல்லவா? அப்லரீயாமோஸ் என்பதை அதே கோட்டில் பிரித்துப் பாருங்கள். அப்லார் பகுதி, ஈயா இடைநிலை, மோஸ் தன்மைப் பன்மை விகுதி. ஸ் என்றால் நீ, மோஸ் என்றால் நாங்கள், ன் என்றால் அவர்கள். இந்த விகுதிகள் நிகழ்காலத்திலும் இதே வேலையைத்தான் செய்கின்றன என்பதால் புதிதாகப் பாடமாக்க வேண்டியது அந்த ‘ஈயா’ ஒன்றை மட்டுமே. ஆறு வடிவங்களையும் வாய்ப்பாடு போல உருப்போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, அழுத்தம் எப்போதும் ‘ரீ’ மீதுதான். நாங்கள் என்ற வடிவத்திலும் அது நகராது, அப்லரீயாமோஸ் என்றே நிற்கும். இரண்டாவது, பகுதியின் கடைசியிலேயே ரகரம் அடுத்தடுத்து வரும் வினைகள். தயாரித்தல் என்று பொருள்படும் ப்ரெபரார் என்ற வினையைத் திரிக்கச் சொன்னால், வகுப்பில் பத்தில் எட்டுப் பேர் ‘ப்ரெபரீயா’ என்று எழுதிவிடுகிறார்கள். சரியான வடிவம் ப்ரெபரரீயா. ‘பரரீ’ என்று இரண்டு ரகரங்களும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘ப்ரெபரீயா’ என்று ஒரு சொல்லே இல்லை; நாக்கு சுருக்குவழி தேடுகிறது. கையும் அதையே எழுதுகிறது. கொப்பியில் முதலில் ப்ரெபரார் என்று முழுதாக எழுதி, பேனையை எடுக்காமல் ‘ஈயா’வைத் தொடர்ந்து எழுதிப் பழகிய ஒரு மாணவிக்கு இரண்டு வாரத்தில் இந்தப் பிழை அற்றுப்போனது.

நான் என்பதற்கும் அவர் என்பதற்கும் ஒரே வடிவம் என்றால், குழப்பம் வராதா?

வரும். தமிழில் ‘கதைப்பேன்’ என்றால் அது நான்தான். வேறு யாராகவும் இருக்க முடியாது. அதனால் நாம் எழுவாயைத் தயங்காமல் விட்டுவிடுகிறோம். ஸ்பானியர்களும் விட்டுவிடுவார்கள், ஆனால் நிபந்தனைக் காலத்தில் வெறும் ‘கொம்ப்ரரீயா’ என்பது நான் வாங்குவேன், அவன் வாங்குவான், அவள் வாங்குவாள், நீங்கள் வாங்குவீர்கள் என்ற நான்கு பொருளையும் தாங்கும். பேச்சின் போக்கில் யாரைப் பற்றி என்பது தெளிவாக இருந்தால் விடலாம். ஆள் மாறுகிற இடத்தில் யோ, எல், எயா, உஸ்தேத் ஆகியவற்றில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். காலி வீதியில் ஒரு கடைக்குள் விருந்தினரை அழைத்துச் சென்ற வழிகாட்டி ஒருவர், ‘நான் என்றால் இதை வாங்க மாட்டேன்’ என்ற பொருளில் ‘நோ கொம்ப்ரரீயா’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ‘நீங்கள் வாங்க மாட்டீர்கள்’ என்று தன் பணப்பையைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்ட அந்த அம்மையார் முகம் சிவந்துவிட்டாராம். முன்னால் ஒரு ‘யோ’ போட்டிருந்தால் அந்தப் பிசகு நேர்ந்திராது.

இந்த ‘ஈயா’ எங்கிருந்து வந்தது?

பேச்சு லத்தீனில், உடைமையைக் குறிக்கும் அபேரே என்ற வினையை மற்றொரு வினையின், அகராதியில் நிற்கும் முழு வடிவத்துக்குப் பின்னால் துணைவினையாக நிறுத்தும் வழக்கம் உண்டானது. அந்தத் துணைவினையின் நிகழ்கால வடிவம் ஒட்டிக்கொண்டபோது ஸ்பானிய எதிர்காலம் பிறந்தது; கடந்தகாலத் தொடர் வடிவம் ஒட்டிக்கொண்டபோது நிபந்தனைக் காலம் பிறந்தது. இன்றும் அந்தக் கடந்தகாலத் தொடர் வடிவம் ஸ்பானிய மொழியில் ‘அபீயா’ என்று வழங்குகிறது. அதன் வால்தான் நம் ‘ஈயா’. எதிர்காலமான அப்லரே என்பதும் நிபந்தனையான அப்லரீயா என்பதும் ஒரே பகுதியைப் பகிர்வதற்குக் காரணம் இதுதான். ‘வந்து விட்டான்’ என்பது ‘வந்துட்டான்’ ஆகி ஒட்டிக்கொண்டதைத் தினமும் கேட்கும் நமக்கு இந்தக் கதையை நம்புவது கடினமில்லை.

அந்த ஒட்டு நெடுங்காலம் தளர்வாகவே இருந்தது. இடைக்கால ஸ்பானிய மொழியில் பகுதிக்கும் ‘ஈயா’வுக்கும் நடுவில் ‘அவருக்கு’ என்பது போன்ற பிரதிப்பெயரைச் செருகுவார்கள். ஸ்பானியம் அதைக் கைவிட்டுவிட்டது. போர்த்துக்கேய மொழியின் உயர்ந்த எழுத்து நடையில் அது இன்னும் இருக்கிறது. போர்த்துக்கேயம் நமக்கு அந்நியமும் அல்ல. 1505இல் அவர்கள் இத்தீவுக்கு வந்து விட்டுப்போன மேசையும் பாணும் நம் வீடுகளில் இன்றும் இருக்கின்றன. ஸ்பானியர்களும் மேசையை மேசா என்றும் பாணைப் பான் என்றுமே சொல்கிறார்கள். வகுப்பின் முதல் நாளில் இந்த இரண்டு சொற்களைச் சொன்னால் எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்துவிடுகிறது.

எழுதும்போது சாய்கோடு கட்டாயமா?

கட்டாயம், ஆறு வடிவங்களிலும். ஸ்பானிய எழுத்தில் ‘ஈ’ ஒலியைக் குறிக்கும் எழுத்தின் தலையில் புள்ளிக்குப் பதிலாகத் தில்தே எனப்படும் சாய்கோடு ஒன்று வரும். அது இல்லாவிட்டால் ‘இ’யும் ‘ஆ’வும் ஓர் அசையாக ஒட்டி, அழுத்தம் முன்னைய அசைக்குத் தாவி, ‘அப்லார்யா’ என்பது போல ஒலித்துவிடும். கோடு இருப்பதால்தான் ஈ, ஆ இரண்டும் தனித்தனி அசைகளாக நிற்கின்றன. தமிழில் ஈகாரத்தின் பின் ஆகாரம் வந்தால் நடுவில் யகர உடம்படுமெய் தானாகவே தோன்றும் அல்லவா? நான் ‘ரீயா’ என்று எழுதியிருப்பதும் அதனால்தான். ஸ்பானியர்கள் அந்த யகரத்தை எழுதுவதில்லை, நம்மைப் போல அழுத்திச் சொல்வதுமில்லை. ஈகாரத்தை நன்றாக நீட்டிவிட்டு ஆகாரத்தில் மெல்ல இறங்குங்கள். கைபேசியில் கோடு போடச் சோம்பல்பட்டு விட்டுவிடுபவர்களும், கோடே இல்லாமல் அச்சடிக்கப்பட்ட பயிற்சித்தாளை நம்பிப் படித்தவர்களும் பரீட்சையில் வீணாகப் புள்ளி இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கொமீயா, கொமெரீயா இரண்டும் ஒன்றுபோல் கேட்கிறதே?

ஏனென்றால் இரண்டிலும் விகுதி ஒன்றுதான். ஏர், ஈர் இனத்து வினைகளின் கடந்தகாலத் தொடர் வடிவமும் ‘ஈயா’ என்றே முடியும். அங்கே ஏர், ஈர் என்பதைக் கழற்றிவிட்டுச் சேர்ப்பார்கள். இங்கே கழற்றாமல் சேர்ப்பார்கள். கொமீயா என்றால் உண்பது வழக்கமாக இருந்தது அல்லது உண்டுகொண்டிருந்தேன். கொமெரீயா என்றால் உண்பேன், வாய்த்தால். பிபீயா, பிபிரீயா என்பவையும் அப்படித்தான். ஆகவே காது தேட வேண்டியது ‘ஈயா’வை அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் ரகரத்தை. ஆர் இன வினைகளில் இந்தச் சிக்கல் இல்லை; கடந்தகாலத் தொடர் அங்கே அப்லாபா என்று முற்றிலும் வேறாக ஒலிக்கும்.

இதில் மிகவும் பொல்லாதது விரும்புதல் என்ற கெரேர். அது ஒழுங்கான வினை அல்ல என்றாலும் இங்கே சொல்லிவிடுகிறேன். கெரீயா என்றால் விரும்பினேன். கெர்ரீயா என்றால் விரும்புவேன். வேறுபாடு ஒற்றை ரகரத்துக்கும் நாக்கு அதிரும் இரட்டை ரகரத்துக்கும் இடையில்தான். இன்னொரு கண்ணி: திறத்தல் என்ற அப்ரீர் வினையின் கடந்தகாலத் தொடரான ‘அப்ரீயா’வும், அபேர் என்ற துணைவினையின் நிபந்தனை வடிவமான ‘அப்ரீயா’வும் காதுக்கு முற்றிலும் ஒன்றே. எழுத்தில் மட்டும் இரண்டாவதின் தலையில் ஒலிக்காத ஓர் எழுத்து நிற்கும். திறப்பேன் என்ற நிபந்தனைப் பொருள் வேண்டுமானால் அப்ரிரீயா என்று சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘வுட்’ வரும் இடமெல்லாம் நிபந்தனைக் காலம் போடலாமா?

கூடாது. இங்கே ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும் சேர்ந்தே நம்மைத் தவறான பக்கம் இழுக்கும். ‘சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத்திடலுக்குப் போவோம், பட்டம் விடுவோம், இறால் வடை தின்போம்’ என்று சொல்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருளோ கடந்தகால வழக்கம். ஆங்கிலத்திலும் அதை ‘வுட்’ போட்டுச் சொல்லலாம். இரண்டு மொழியும் ஒத்துப்போவதால் மாணவர்கள் துணிந்து இரீயாமோஸ், கொமெரீயாமோஸ் என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்பானியருக்கு அது, காலிமுகத்திடலுக்கு ஒருநாளும் போகாத பிள்ளைகள் ‘விட்டால் போவோம்’ என்று ஏங்குவதைப் போலக் கேட்கும். உண்மையாகவே நடந்த வழக்கத்துக்கு ஈபாமோஸ், கொமீயாமோஸ் என்ற கடந்தகாலத் தொடர் வடிவங்களே சரி. தமிழ் வாக்கியத்தில் ‘போவோம்’ என்பதற்குப் பதிலாக ‘போவது வழக்கம்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் கெடவில்லை என்றால் நிபந்தனைக் காலத்தைத் தொடாதீர்கள்.

‘பணம் இருந்தால்’ என்ற பகுதியை எப்படிச் சொல்வது? அங்கேயும் ‘ஈயா’ வருமா?

வராது. ‘சீ’ என்ற சொல்தான் நம் ‘ஆல்’ விகுதியின் வேலையைச் செய்கிறது. அது நிபந்தனையைத் தொடங்கும்போது அதனுடன் வரும் வினைக்கு ‘ஈயா’ போடக்கூடாது. சீ துபியேரா தினேரோ, கொம்ப்ரரீயா ஊனா காசா: பணம் இருந்தால் ஒரு வீடு வாங்குவேன். வெள்ளவத்தை விலைக்கு இது நடக்காத காரியம் என்பதால் இலக்கணமும் பொருந்துகிறது. முதற்பாதியில் வரும் துபியேரா, சார்புநிலைக் கடந்தகால வடிவம். ‘அவர்களிடம் இருந்தது’ என்று பொருள்படும் துபியேரோன் என்ற இறந்தகால வடிவத்தின் கடைசி ‘ரோன்’ என்பதை ‘ரா’ ஆக்கினால் அது கிடைத்துவிடும். எந்த வினைக்கும் இந்த வழி பொருந்தும்.

இல்லாத பணத்தைப் பற்றிப் பேச ஏன் இறந்தகாலத்திடம் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். நாமும் அதையேதான் செய்கிறோம். ‘இருந்தால்’ என்பதில் நிற்பது ‘இருந்த்’ என்ற இறந்தகால அடி. ‘வந்தால்’, ‘கேட்டால்’, ‘போனால்’ எல்லாம் அப்படியே. நாளை மழை பெய்வதைப் பற்றிப் பேசும்போதுகூட ‘பெய்தால்’ என்றுதான் சொல்கிறோம்.

வட ஸ்பெயினின் சில பகுதிகளில், குறிப்பாகப் பாஸ்க் நாட்டிலும் அதை அடுத்த இடங்களிலும், ‘சீ தெந்த்ரீயா’ என்று பேசுவதை நீங்கள் கேட்கக்கூடும். அது அங்குள்ள வட்டார வழக்கு. எழுத்து வழக்கு அதை ஏற்பதில்லை. ‘வருவாரோ தெரியாது’ என்பதுபோல ஐயத்தை உள்ளடக்கும் ‘சீ’ வேறு. அதன் பின்னால் ‘ஈயா’ வரலாம். பணம் கையில் வரக்கூடும் என்ற உண்மையான எதிர்பார்ப்பு இருந்தால் இரண்டு பாதியும் மாறிவிடும்: சீ தேங்கோ தினேரோ, கொம்ப்ரரே. முன்னது சாதாரண நிகழ்காலம், பின்னது எதிர்காலம். தமிழில் இரண்டுக்கும் ‘இருந்தால் வாங்குவேன்’ ஒன்றே போதுமாக இருப்பதால், எழுதுமுன் ‘எனக்கு இது நடக்கும் என்று எண்ணமா?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘வருகிறேன் என்று சொன்னார்’ என்பதில் ஏன் நிபந்தனை வருகிறது? அங்கே நிபந்தனையே இல்லையே?

இல்லைதான். அங்கே இந்தக் காலம் ‘கடந்த காலத்தில் நின்று பார்த்த எதிர்காலம்’ என்ற தன் பழைய பொருளில் வருகிறது. தமிழில் ‘என்று’ என்ற ஒரு சொல் இருப்பதால், சொன்னவரின் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்து வைத்துவிடுகிறோம்: ‘அழைப்பெடுப்பேன் என்று சொன்னார்.’ ஸ்பானிய மொழியில் ‘கே’ என்ற இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் அப்படி வைக்க முடியாது. அவர் சொன்னது ‘யமரே’. நான் எடுத்துச் சொல்லும்போது ‘தீஹோ கே யமரீயா’. ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது. தமிழில் இதற்கு மிக நெருங்கியது ‘அழைப்பெடுப்பதாகச் சொன்னார்’ என்ற வடிவம். முதலில் அதற்கு மாற்றிக்கொண்டு பிறகு ஸ்பானியத்துக்குப் போனால் பிழை குறையும்.

‘எட்டு மணி இருக்கும்’ என்பதற்கும் இதுதானா?

கடந்த நேரத்தைப் பற்றி என்றால் ஆம். என் விருப்பத்துக்குரிய கேள்வி இது, ஏனென்றால் ஆங்கிலத்தில் தலையைச் சுற்றி மூக்கைத் தொடவேண்டிய இடத்தில் தமிழ் நேராகக் கையை நீட்டுகிறது. ‘அவர் வந்து சேரும்போது எட்டு மணி இருக்கும்’, ‘அந்த மனுசனுக்கு நாற்பது வயது இருக்கும்’ என்று நாம் ஊகத்துக்கு எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம். ஸ்பானியர்களும் அதையே செய்கிறார்கள், ஆனால் ஊகம் இன்றைய நிலையைப் பற்றியதா அன்றைய நிலையைப் பற்றியதா என்று பிரித்துக்கொள்கிறார்கள். இப்போது எட்டு மணி இருக்கும் என்றால் எதிர்காலம்: செரான் லாஸ் ஓச்சோ. அப்போது எட்டு மணி இருக்கும் என்றால் நிபந்தனை: செரீயான் லாஸ் ஓச்சோ. தெந்த்ரீயா குவாரெந்தா ஆஞோஸ் என்றால், அன்று அவருக்கு ஒரு நாற்பது வயது இருக்கும். ஒரு மணிக்கு மட்டும் ஒருமையில் செரீயா லா ஊனா என்று வரும்.

விருந்தினர்களிடம் பேசும்போது எந்த வாக்கியங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்?

‘பொத்ரீயா ரெபெதீர்?’ என்பது ‘திரும்பச் சொல்ல முடியுமா?’ என்று பணிவாகக் கேட்பது. ‘லே குஸ்தரீயா?’ என்பது ‘உங்களுக்கு விருப்பமாக இருக்குமா?’ என்பது. உஸ்தேத் என்ற மரியாதைச் சொல் எப்போதும் படர்க்கை வினையையே எடுக்கும் என்பதால் ‘ஸ்’ சேர்க்காதீர்கள். சேர்த்தால் மரியாதை போய்விடும்.

குஸ்தார் என்ற வினையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாயாக நிற்க, ஸ்பானிய மொழியில் ‘மே’, அதாவது ‘எனக்கு’, நிற்கிறது. ஆங்கிலேயர்கள் இதை விளங்கிக்கொள்ள மாதக்கணக்கில் முக்குகிறார்கள். நாமோ பிறந்ததிலிருந்து ‘எனக்குப் பிடிக்கும்’ என்றுதான் சொல்லி வருகிறோம். மே குஸ்தரீயா உன் தே: எனக்கு ஒரு தேநீர் பிடித்தமாக இருக்கும், அதாவது தேநீர் ஒன்று கிடைத்தால் நல்லது. ஆனால் ‘பிடிக்கும்’ பன்மைக்கு மாறாது, குஸ்தரீயா மாறும். பிடித்த பொருள் பலவானால் மே குஸ்தரீயான் என்று ‘ன்’ சேர்க்க வேண்டும். எத்தனை பேருக்குப் பிடிக்கும் என்பது இங்கே கணக்கில் இல்லை.

அறிவுரைக்கு ‘யோ கே தூ’ என்று தொடங்குவது வழக்கம். ‘நான் உன் இடத்தில் என்றால்’ என்று பொருள். மரியாதையாக ‘யோ கே உஸ்தேத்’. ‘தெபெரீயா’ என்பது ‘செய்வது நல்லது’ என்ற அளவான அழுத்தத்தைத் தரும். நிகழ்கால ‘தேபே’ போட்டால் அது கட்டளைக்குக் கிட்டப் போய்விடும்.

ஒழுங்கற்றவை எத்தனை?

அடிப்படையாகப் பன்னிரண்டு. அவற்றிலும் ‘ஈயா’ மாறுவதில்லை, பகுதிதான் விகாரப்படுகிறது. கபேர், அபேர், பொதேர், கெரேர், சபேர் ஆகிய ஐந்திலும் நடு உயிர் கெட்டு கப்ரீயா, அப்ரீயா, பொத்ரீயா, கெர்ரீயா, சப்ரீயா என்று வரும். பொனேர், சலீர், தெனேர், பலேர், பெனீர் ஆகிய ஐந்திலும் அந்த உயிர் இருந்த இடத்தில் ஒரு தகரம் தோன்றிப் பொந்த்ரீயா, சல்த்ரீயா, தெந்த்ரீயா, பல்த்ரீயா, பெந்த்ரீயா என்று ஆகும். தெசீர், அசேர் இரண்டும் குறுகித் திரீயா, அரீயா ஆகும். எதிர்காலத்தில் விகாரப்படுபவையும் இதே பன்னிரண்டுதான். மந்தெனேர் போன்ற கூட்டு வினைகள் தாயைப் பின்பற்றும். ஆசீர்வதித்தல் என்ற பெந்தெசீர் போன்ற சில மட்டும் தாயை விட்டு, பெந்தெசிரீயா என்பது போல ஒழுங்காகவே நிற்கும்.

நிகழ்காலத்தில் தலைவலி கொடுத்த பல வினைகள் இங்கே சாதுவாகிவிடுகின்றன. செர், இர், எஸ்தார், தார், பேர் என்பவை செரீயா, இரீயா, எஸ்தரீயா, தரீயா, பெரீயா என்றே வரும். நிகழ்காலத்தில் துவேர்மோ என்று உயிர் மாறும் தொர்மீர் கூட இங்கே தொர்மிரீயா. அழுத்தம் பகுதியை விட்டு ‘ரீ’க்கு நகர்ந்துவிடுவதால், அங்கே உயிர் மாறக் காரணம் இல்லாமல் போகிறது.

எழும்புதல் போன்ற தற்சுட்டு வினைகளில் ‘ஈயா’வை எங்கே சேர்ப்பது?

அகராதியில் லெபந்தார்சே என்று நிற்கும். கடைசி ‘சே’யைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து, ஆளுக்கேற்ப மாற்றி, பிறகு திரிக்க வேண்டும்: மே லெபந்தரீயா, தே லெபந்தரீயாஸ், சே லெபந்தரீயா. ‘சே’யின் பின்னால் ‘ஈயா’ ஒட்டாது. எதிர்மறைக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் ‘நோ’ போட்டால் போதும். ‘மாட்டேன்’ போன்ற தனி வினை தேவையில்லை.

‘வாங்கியிருப்பேன்’ என்பதை எப்படிச் சொல்வது?

தமிழில் உள்ள அடுக்கை அப்படியே திருப்பிப் போடுங்கள். வாங்கி, இருப்பேன் என்ற இரண்டில், ‘இருப்பேன்’ இடத்தில் அப்ரீயா, ‘வாங்கி’ இடத்தில் கொம்ப்ராதோ: அப்ரீயா கொம்ப்ராதோ. துணைவினை மட்டும்தான் ஆளுக்கேற்ப மாறும். அப்ரீயாமோஸ் கொம்ப்ராதோ என்றால் வாங்கியிருப்போம். கொம்ப்ராதோ எந்த ஆளுக்கும் அசையாது.

சில புத்தகங்கள் இதை ‘பொஸ்ப்ரெதேரிதோ’ என்கின்றனவே, அது வேறா?

அதே காலம்தான். வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்திரேஸ் பெயோ 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் வைத்த பெயர் அது. இறந்தகாலத்துக்குப் பிற்பட்டது என்று பொருள். மெக்சிக்கோவின் பாடசாலைகளில் இன்றும் அதையே சொல்கிறார்கள். ஸ்பானிய அரச அக்கடமி 1931இல் இதைக் காலம் என்று கொள்ளாமல் ‘சாத்தியப் பாங்கு’ என்ற தனிப் பாங்காக வைத்திருந்து, 1973இல் கொந்திசியொனால் என்ற பெயரோடு மற்றக் காலங்களின் வரிசைக்குக் கொண்டுவந்தது. ‘அழைப்பெடுப்பதாகச் சொன்னார்’ என்ற வாக்கியத்தை யோசித்தால் பெயோவின் பெயரே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

ஆர்ஜென்டீனக்காரர் ‘தூ’வுக்குப் பதிலாகப் ‘போஸ்’ என்று சொன்னால் வடிவம் மாறுமா?

மாறாது. நிகழ்காலத்தில் போஸ் என்பதற்குத் தனி வடிவம் உண்டு. நிபந்தனையில் போஸ் அப்லரீயாஸ் என்று தூ எடுக்கும் வடிவத்தையே எடுக்கும். யாழ்ப்பாணத்தார் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்து ஒவ்வொன்றுக்கும் விகுதியை மாற்றுவதைப் போல இங்கே சிரமம் இல்லை. இலத்தீன் அமெரிக்கா முழுவதிலும் பன்மைக்கு உஸ்தேதெஸ் ஒன்றே வழங்குவதால், அங்கிருந்து வரும் விருந்தினர்களிடம் பேச அப்லரீயாய்ஸ் என்ற ஐந்தாவது வடிவம் உங்களுக்குத் தேவைப்படாது. ஸ்பெயினிலிருந்து வரும் குடும்பம் ஒன்று தங்களுக்குள் கதைத்துக்கொள்ளும்போது காதில் விழும்.